புரியாதவர் மறுக்க முடியாது

ஆவுடையப்பனுக்குப் பத்தே நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. அவர் மனைவி சங்கரவடிவுக்குக் காலையிலிருந்து எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தும் சிவப்புதான்.

எந்தச் சங்கதியானாலும் அந்த வீட்டில் முதலில் வடிவுக்குப் புரியும், அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் புரியும், கடைசியாகத்தான் ஆவுடைக்கு என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் இன்று பரீட்சையில் மனைவியை முந்திவிட்டார். நெற்றியில் பட்டை அழுத்திய தடத்தைத் தடவிக்கொண்டு ஒரு மிதப்போடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் கவனமாக் கேளு வடிவு. அந்தத் தம்பி நல்லாத்தான் சொல்லுதாரு,” என்று புத்திமதி வேறு.

வடிவு நெற்றிப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். கோபப்பட்டால் விளக்கு இன்னும் சிவக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

நெற்றியைச் சுற்றிக் கட்டும் அந்தச் சமாச்சாரத்துக்குத் தெளிவுப்பட்டை என்று பெயர். மேசைமேல் ஒரு சின்ன விளக்கு. கேட்கிற விஷயம் மூளையில் ஏறிவிட்டால் பச்சை, ஏறாவிட்டால் சிவப்பு. சில வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனி பெற்றவர்களிடம் விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்கி, பிள்ளைகள் உடம்பில் புது மருந்தை ஏற்றி, அது பெரிய வழக்காகி நாடே கொந்தளித்தது. அதன் பிறகு வந்த சட்டம் இது. பிள்ளையை மருத்துவ ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டுமானால் தாய் தகப்பனில் ஒருவருக்காவது பச்சை எரிய வேண்டும். எரியாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது. சட்டம் வந்த அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டியவர்களில் வடிவும் ஒருத்தி.

அவள் மகள் ஆதிரைக்கு ஒன்பது வயது. தொடையிலிருந்து தசை மெலிந்துகொண்டே வரும் நோய். போன வருஷம் படி ஏறினாள். இந்த வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அடுத்த வருஷத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்த நோய்க்குக் கண்டுபிடித்த ஒரு புது ஊசியைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்கப்போவதாக, பாளையங்கோட்டை புறவழிச்சாலையில் புதிதாக எழும்பியிருந்த இந்த ஆராய்ச்சி மருத்துவமனை அறிவித்திருந்தது. சேர்க்கைக்கு இன்று மாலையோடு கடைசி.

வடிவுக்கு அந்த ஊசி வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவளை ஆராய்ச்சிக்கு எதிரி என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். அவளுக்கு அந்த ஊசி வெறியாக வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் பிரணவ். சென்னையிலிருந்து வந்த விளக்குநர். சட்டத்தோடு கூடவே பிறந்த உத்தியோகம் அது. பெற்றவர்களுக்குப் புரியவைத்துப் பச்சை எரியவைப்பதுதான் வேலை. குரலில் வெண்ணெய் தடவியிருந்தான்.

“திரும்ப முதல்ல இருந்து போவோமா மேடம்? பாப்பாவுக்கு ஒரே ஒரு ஊசி…”

“நான் சொல்லுதேன், சரியான்னு பாருங்க,” என்றாள் வடிவு. “சேருத பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி.”

“ஆமா மேடம். ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்.”

“எந்தப் பிள்ளைக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது.”

“கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டருக்கே தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பிரிச்சுப் பார்ப்பாங்க.”

“மருந்து ஒரு தடவை உடம்புக்குள்ள போயிட்டா, நாளைக்கு இதைவிட நல்ல மருந்து வந்தாலும் அந்த உடம்பு ஏத்துக்கிடாது.”

“அப்படி ஒரு வாய்ப்பு இருக்கு.”

“ஈரல் கெட்டுப்போகலாம்.”

“ரொம்பச் சில பேருக்கு.”

“பெரியவங்களுக்கா, பிள்ளைங்களுக்கா?”

“பெரியவங்களுக்குத்தான் இதுவரைக்கும் போட்டிருக்கோம் மேடம். பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தடவை.”

“அப்ப பிள்ளைங்களுக்கு எப்படி இருக்கும்?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தானே ஆராய்ச்சி,” என்று பிரணவ் இனிமையாகச் சொன்னான்.

விளக்கு செக்கச் சிவப்பாக எரிந்தது.

“இவ்வளவையும் நான்தானே சொன்னேன்? அப்புறமும் எனக்குப் புரியலைங்குதே இந்தச் சனியன்?”

பிரணவ் பொறுமையானவன்தான். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். “ஒரு விஷயம் பிடிபடும்போது மூளைக்குள்ள ஓட்டம் அடங்கும் மேடம். அலைச்சல் நின்னு ஒரு சமநிலைக்கு வரும். பட்டை அதைத்தான் பார்க்குது. உங்களுக்கு அடங்கவே மாட்டேங்குது.”

“கேள்வி கேக்கதை விட்டுட்டாலும் மூளை அடங்குமே தம்பி?”

“விட்டுப் பாருங்களேன்,” என்று சிரித்தான்.

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மோட்டார் வாகன ஆய்வாளர். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் அவள் முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அதே அளவில் ஒரு எட்டை எங்காவது காலிமனையில் வரைந்து, அதிலேயே ஆட்களைச் சுற்றவிட்டுப் பழக்கிவிடுவார்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அந்த ஒரு எட்டை மட்டும் அட்சர சுத்தமாகப் போடுவார்கள். அப்படிப் போட்டவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் வாசலில் இருக்கிற வேகத்தடையிலேயே விழுந்து எழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் எட்டுப் போட்டு முடித்தவர்களிடம், “அப்படியே அந்த வேப்பமரத்தைச் சுத்திட்டு வந்து என் முன்னால நிப்பாட்டுங்க,” என்பாள். அங்கேதான் குட்டு உடையும். அவள்மேல் வந்த புகார்களை வைத்தே ஒரு பீரோவை நிரப்பலாம்.

“சரி தம்பி. எனக்கு இன்னும் கேள்வி இருக்கு. பதில் தெரியாம என் பிள்ளையைச் சேக்க மாட்டேன்.”

“சார்க்குப் பச்சை வந்தாச்சே மேடம். ஒருத்தர் போதும். சாயங்காலம் சார் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது.”

“நான் வேண்டாம்னு சொன்னா?”

பிரணவ் முதல் முறையாகக் கொஞ்சம் நெளிந்தான். “சிவப்புல மறுப்பும் செல்லாது மேடம். புரியாதவர் சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சட்டமே அப்படித்தான் இருக்கு.”

வடிவு பட்டையை உருவி மேசைமேல் வைத்தாள். பெற்ற பிள்ளை விஷயத்தில் தன் வாயில் யாரோ பூட்டுப் போட்டுவிட்டார்கள், அதுவும் தான் கைதட்டி வரவேற்ற பூட்டு என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆவுடையைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நீங்க எனக்குச் சொல்லுங்க. நம்ம பிள்ளைக்கு என்ன செய்யப் போறாங்க?”

“ஊசி போடுவாங்க. ரெண்டு வருஷத்துல ஓடி விளையாடுவா.”

“பாதிப் பேருக்குத் தண்ணி ஊசின்னு சொன்னாங்களே?”

“அது மத்த பிள்ளைங்களுக்கு.”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

ஆவுடை அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “சத்தம் போடாத. நம்ம சகலை மூலமாச் சொல்லி வச்சிருக்கேன். அவரு சிநேகிதர் இங்க மருந்துக் கிடங்குல பெரிய ஆளு. ஆதிரைக்கு அசல் மருந்துதான் வரும். உன்கிட்ட முன்னாடியே சொன்னா நீ நியாயம் பேசுவேன்னுதான் சொல்லலை.”

“கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுததுக்கு உங்க சகலை என்னத்தச் செய்வாரு?”

“எல்லாத்துக்கும் ஆள் இருக்கு வடிவு. உனக்கு உலகம் தெரியலை.”

ஆவுடையை முட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்து சீட்டிலிருந்து அரசு ஆஸ்பத்திரிப் படுக்கை வரைக்கும் ஒருவர் சொல்லித்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. கிடைக்காதபோது, சொல்ல ஆள் இல்லை என்றுதான் நாமும் நினைத்திருக்கிறோம். அவர் அந்தக் கணக்கை இங்கேயும் போட்டார். போட்டதும் மனசு அடங்கிவிட்டது. அடங்கியதும் விளக்கு பச்சையாகிவிட்டது.

“டாக்டருக்கே தெரியாதுங்க,” என்றாள் வடிவு. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. “யார் சொன்னாலும் செய்ய முடியாது. அதுதான் அந்தக் குலுக்கலே. நம்ம பிள்ளைக்குத் தண்ணியாவும் இருக்கலாம். மருந்தா இருந்து கெடுதலும் வரலாம். நீங்க இதுக்குச் சம்மதிச்சிருக்கீங்களா?”

ஆவுடை வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த மிதப்பு வடிந்துவிட்டது. வடிவு அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

கூடத்தில் மற்ற குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாருக்கும் பச்சை எரிந்து முடிந்து, மாலைக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். மூலையில் விளையாட்டுப் பொருள்களைப் பரப்பிப் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். ஆதிரை பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள்.

வடிவு ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உவரியிலிருந்து வந்தவள், பெயர் ரோஸ்லின், மீன் ஏலக்கூடத்தில் வேலை. அவள் மகன் சக்கர நாற்காலியில் இருந்தான்.

“உங்க பையனுக்குத் தண்ணி ஊசி வந்துட்டா என்ன செய்வீங்க?”

“வராதுக்கா,” என்றாள் ரோஸ்லின் உடனே. பிறகு காதோடு சொன்னாள். “யார்ட்டயும் சொல்லிராதீங்க. எங்க கோயில் ஃபாதர் பெரிய டாக்டரம்மாகிட்டப் பேசிட்டாரு.”

அடுத்த வரிசையில் மேலப்பாளையம் செய்யது, மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் அதே கேள்வி.

“அது மத்தவங்களுக்கு தங்கச்சி. நமக்குக் கவுன்சிலர் லெட்டர் குடுத்திருக்காரு,” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

வடிவு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒருவருக்கு லேப்பில் வேலை செய்யும் கொழுந்தன் முறை. ஒருவருக்குத் தாசில்தார். சிபாரிசு எதுவும் இல்லாத ஒரு தம்பதி, வாசல் சாமிக்குக் காசு முடிந்துபோட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அவள் எழுந்து நடுக்கூடத்துக்கு வரும்போது பிரணவ் குறுக்கே வந்தான். யாரும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான். “மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். சாரோட பச்சை பதிவாயிடுச்சு. நீங்க பேசாம இருந்தீங்கன்னா பாப்பாவுக்கு இடம் உறுதி. எல்லாரையும் குழப்பினா ஆராய்ச்சியே நின்னுபோகும். அப்புறம் யார் பிள்ளைக்கும் எதுவும் இல்ல. உங்க பிள்ளைக்கும்தான்.”

வடிவு நின்றாள். ஆதிரை கட்டையை அடுக்கி முடித்துவிட்டு, எழுந்திருக்க ஒரு கையைத் தரையிலும் ஒரு கையை முழங்காலிலும் ஊன்றித் தன்னைத் தானே தூக்கிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு கையை ஊன்றினால் போதுமாயிருந்தது. பேசாமல் போய் உட்கார்ந்துவிடலாம். சாயங்காலம் அவர் கையெழுத்துப் போடுவார். மருந்தாக அமைந்தால் லாபம். தான் சிவப்பு என்பதால் தன்மேல் பழியும் இல்லை. இவ்வளவு சௌகரியமான ஒரு கதவை யாரும் இதுவரை அவளுக்குத் திறந்துவிட்டதில்லை.

அந்தச் சௌகரியம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க!” என்றாள். சோதனை மைதானத்தில் பழகிய குரல், கூடத்தின் கடைசிவரை போயிற்று. “உங்க எல்லாருக்கும் பச்சை வந்திருக்கு. எல்லாரும் அவங்கவங்க பிள்ளைக்கு அசல் மருந்துன்னு சொல்லி வச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்காரரும் சொல்லி வச்சிருக்காரு. அப்ப அந்தத் தண்ணி ஊசி யார் பிள்ளைக்கு?”

ரோஸ்லின் செய்யதின் மகளைப் பார்த்தாள். செய்யது ரோஸ்லினின் மகனைப் பார்த்தார். ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துவிட்டு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தண்ணி ஊசிக்கு அவரவர் மனசுக்குள் அடுத்தவர் பிள்ளையைத்தான் நேர்ந்துவிட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது.

“அப்ப ஃபாதர் சொன்னது?” என்றாள் ரோஸ்லின்.

“டாக்டரே தேர்ந்தெடுக்க முடியாதும்மா. குலுக்கல். உன் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே குடுவையிலதான் கிடக்கு.”

செய்யது சட்டைப் பையிலிருந்த கவுன்சிலர் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு பிரணவைப் பார்த்து, “எனக்கு அந்தப் பட்டையைத் திரும்பக் கட்டுங்க தம்பி,” என்றார்.

“ஒருதடவை பதிவானது போதும் சார்…”

“கட்டுங்கங்கேன்!”

கட்டினார்கள். சிவப்பு. ரோஸ்லினுக்குக் கட்டினார்கள், சிவப்பு. கொழுந்தன் முறைக்காரருக்கும் சிவப்பு, தாசில்தார்காரருக்கும் சிவப்பு. காலையில் வரிசையாகப் பச்சை எரிந்த மேசையில் இப்போது திருவிழாக் கடைபோல வரிசையாகச் சிவப்பு. பிரணவின் முகத்தில் ஈயாடவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து டாக்டர் கிரேஸ்லின் இறங்கி வந்தார். இந்த ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மா, நரைத்த தலை, நாகர்கோவில்காரர். விளக்குகளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“யாரும்மா இதைச் செஞ்சது?”

“நான்தான்,” என்றாள் வடிவு. “உங்க விளக்கு நல்லா எட்டுப் போடுது டாக்டர். ரோட்டுல ஓட்டத் தெரியலை.”

“என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுமா? பச்சை இல்லாம இந்த ஆராய்ச்சியை ஆரம்பிக்க முடியாது. எட்டு வருஷ உழைப்பும்மா.”

“பட்டை புரிதலைப் பாக்கலை, நிம்மதியைத்தான் பாக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

பிரணவ் ஏதோ சொல்ல வந்தான், டாக்டர் கையமர்த்தினார்.

“சந்தேகம் இருந்தது,” என்றார். “நல்லாக் கேள்வி கேக்கறவங்களுக்குத்தான் சிவப்பு வந்தது. ஆனா சட்டம் பச்சை கேக்குது. பச்சை இல்லைன்னா மருந்து இல்ல. இந்த நோயில ஒவ்வொரு வருஷமும் எத்தனை பிள்ளைங்களை நான் வழியனுப்பியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால பச்சை வரவைக்கிற ஆளுங்களை வச்சேன். தப்புதான். ஆனா என்ன செய்யச் சொல்றீங்க?”

அதில் பொய் இல்லை என்று வடிவுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை, திசைதான் மாறியது. மேசையிலிருந்த பட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

“நீங்க கட்டுங்க.”

“நானா?”

“நீங்கதான். கட்டிக்கிட்டு, இந்த மருந்து பிள்ளைங்களுக்கு வேலை செய்யுமான்னு எங்களுக்குச் சொல்லுங்க.”

கிரேஸ்லின் அதை வாங்கி, நரைத்த முடியை ஒதுக்கிவிட்டுக் கட்டிக்கொண்டார். மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பெரியவர்கள் சிலர் எழுந்து நடந்ததைச் சொன்னார். ஒருவருக்கு ஈரல் கெட்டதைச் சொன்னார். சின்ன உடம்பில் எவ்வளவு கொடுப்பது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்திருக்கிறோம், கணக்கு சரி என்று நம்புகிறோம் என்றார். அவர் பேசப் பேச விளக்கு ஒரு தடவைகூடப் பச்சையாகவில்லை. சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இத்தனை நாள்ல என்னை யாருமே கட்டிப் பார்க்கச் சொன்னதில்ல.”

“சட்டப்படி உங்களுக்கும் புரியலை டாக்டர்,” என்றாள் வடிவு. “நீங்களும் சம்மதிக்க முடியாது, மறுக்க முடியாது. எங்க கூடவே உக்காருங்க.”

கிரேஸ்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் விளையாடிய இடத்தில் தரையில் உட்கார்ந்தார். பட்டையை அவிழ்க்கவில்லை. பெற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். வடிவு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். டாக்டர் சொல்வதைக் கேட்டு யாரும் தலையாட்டக் கூடாது. கேட்டவர்கள் அதைத் தங்கள் வாயால் தங்கள் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், டாக்டர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். வேப்பமரத்தைச் சுற்றிவரச் சொல்வதுதான் இது.

நேரம் பிடித்தது. செய்யது இரண்டு முறை பாதியில் நின்று, மறுபடி கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். தண்ணி ஊசி என்ற இடம் வரும்போது ஒவ்வொருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ரோஸ்லின் மகனிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு வேண்டாம் டாக்டரம்மா. இதைவிட நல்லது வந்தா அதுக்கு இவன் உடம்பு திறந்திருக்கட்டும். நாங்க காத்திருக்கோம்.”

“எழுதிக்கறேன்,” என்றார் கிரேஸ்லின். “சிவப்புல சொன்ன மறுப்புன்னே எழுதறேன். செல்லும்னு வாதாடறேன். சிவப்புல போடற சம்மதத்துக்கும் அப்படித்தான்.”

“சென்னையில ஏத்துக்கமாட்டாங்க மேடம்,” என்று பிரணவ் முனகினான்.

“ஏத்துக்கலைன்னா சொல்லுங்க,” என்றாள் வடிவு. “பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நாங்க அங்க வாரோம். அந்தச் சட்டத்தை எழுதுனவங்க ஒவ்வொருத்தரா அந்தப் பட்டையைக் கட்டிப் பாக்கட்டும்.”

அவள் முறை வந்தது. ஆதிரை தான் கட்டிய கட்டைக் கோபுரத்தின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வராந்தாவிலிருந்து ஆவுடை உள்ளே வந்து மகளின் காலடியில் உட்கார்ந்தார்.

“நான் சொல்லுதேன்,” என்றார். “ஆதிரைக் குட்டி, ஊசி போட்டா உனக்குச் சரியாயி…” நிறுத்தினார். மேலே ஓடவில்லை. மனைவியைப் பார்த்தார்.

வடிவு சொன்னாள். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, பாதிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர், இரண்டு வருஷம் யாருக்கும் எது என்று தெரியாது, நல்லது நடக்கலாம், கெடுதலும் நடக்கலாம், அதன் பிறகு வேறு மருந்து பிடிக்காமலும் போகலாம். ஒளிக்காமல் சொன்னாள். சொல்லும்போது மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சரியாயிருமாம்மா?” என்றாள் ஆதிரை.

“தெரியாதுட்டி.”

“டாக்டருக்கும் தெரியாதா?”

“எனக்கும் தெரியாது,” என்றார் கிரேஸ்லின்.

ஆதிரை ஒரு கட்டையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே யோசித்தாள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்தவர் சரியாகிவிடும் என்றார். சங்கரன்கோவிலில் மாவிளக்குப் போட்ட அன்று அத்தை சரியாகிவிடும் என்றாள். அப்பா ஆன்லைனில் வரவழைத்த கசப்பு மாத்திரையின் டப்பாவிலேயே சரியாகிவிடும் என்று அச்சடித்திருந்தது.

“அப்ப ஊசி போட்டுக்கிடுதேன்,” என்றாள்.

“ஏன்ட்டி?”

“சரியாயிரும்னு சொன்னது ஒண்ணுமே சரியாகலை. இவங்கதானே தெரியாதுங்குதாங்க.” கட்டையைக் கோபுரத்தின்மேல் வைத்தாள். “ஆனா தண்ணி ஊசியா இருந்தா அப்பா அழக்கூடாது. இப்பவே சொல்லிரு.”

வடிவு மகளைக் கட்டிக்கொண்டாள். கூடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வெட்கமில்லாமல் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து மேசைக்குப் போய், இன்னொரு பட்டையை எடுத்துத் தானே கட்டினாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆவுடை பின்னாலேயே வந்து நின்றார். காலையில் பதிவான அவருடைய பச்சை இன்னும் கணினியில் அப்படியேதான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட யாரும் தடையில்லை. பேனாவுக்காகக் கை நீட்டினார். வடிவு கொடுக்கவில்லை.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு மனைவியின் நெற்றியிலிருந்து பட்டையை மெதுவாக அவிழ்த்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டு, திரும்பி, கோபுரத்தின் உச்சியில் இன்னொரு கட்டையை வைக்க எக்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

விளக்கு சிவப்பாயிற்று.

வடிவு பேனாவை அவரிடம் கொடுத்தாள்.